மொத்தமாகக் கிடைக்கும் பாலிசி

ஏலக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். மூடிப்போன கடைகளின் மேசை, நாற்காலி, அலமாரிகளைக் கிடங்கில் அடுக்கி, ஏலம் கூவி விற்கிறவர். ஒலிபெருக்கியைத் தொடமாட்டார், கௌரவக் குறைச்சல். தெருமுனையில் நிற்கும் மனைவிக்கே எது என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டுவிடும்.

சாமான்களை ஒவ்வொன்றாக விற்க அவருக்குப் பிடிக்காது. "நல்லதைத் தூக்கிட்டுப் போயிடுவான். கால் ஆடுற நாற்காலி நம்ம தலையில விழும்" என்பார். எதுவானாலும் மொத்தமாகத்தான். அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

குரல் கரகரத்தபோது தொழில்கோளாறு என்று வெந்நீர் குடித்துப் பார்த்தார். கரகரப்பு போகவில்லை. உள்ளுக்குள் சுருக்கென்றது. டாக்டரைத் தேடிப் போக வேண்டிய மனுஷன், காப்பீட்டு முகவரான மனைவியின் தம்பியை வரவழைத்தார்.

மச்சான் சாப்பாட்டு மேசையில் இரண்டு பாலிசிகளை விரித்தான்.

"இது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுறது மாமா. எடுத்து ஒரு மாசம் போனாப் போதும், பில்லைக் கேக்கலாம். ஆனா ரூம் வாடகைக்கு இவ்வளவுதான்னு வரம்பு உண்டு. கையுறை, பஞ்சுக்கெல்லாம் நாமதான் கொடுக்கணும். இது இன்னொண்ணு. பெரிய வியாதின்னு டாக்டர் சொல்லிட்டா, தொகை அப்படியே உங்க கைக்கு வந்துடும். பில்லே கேக்கமாட்டாங்க."

"மொத்தமாவா?"

"மொத்தமா. ஆனா முதல் மூணு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சா சல்லிக்காசு தேறாது." மச்சான் குரலைத் தாழ்த்தினான். "உடம்புக்கு எதுவும் இல்லையே மாமா?"

"தொண்டை கட்டியிருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டலையே?"

"இல்ல."

"அப்ப அது வெறும் தொண்டைக்கட்டுதான்" என்று மச்சான் பேனாவை நீட்டினான். ஏலக்காரர் இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார். பஞ்சுக்கும் கையுறைக்கும் கணக்குப் பார்ப்பது சில்லறை வியாபாரமாகப் பட்டது அவருக்கு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பயம் குடியேறியது. காலையில் இருமித் துப்பும்போது வாஷ்பேசினில் சிவப்பாகத் தெரியும். குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சட்டையின் மேல் பொத்தானைப் போட ஆரம்பித்தார். கிடங்கில் ஆட்கள் அவர் வாயைப் பார்த்து விலை புரிந்துகொண்டார்கள். ஒருநாள் ஒலிபெருக்கி வந்து சேர்ந்தது. யாரும் கேலி பேசவில்லை. அதுதான் அவரை அதிகமாகக் கலக்கியது.

"வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று மனைவி தினமும் நச்சரித்தாள்.

"அடுத்த மாசம்."

"அடுத்த மாசம் அப்படி என்ன விசேஷம்?"

அவர் மேல் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு கிடங்குக்குக் கிளம்பினார்.

பாலிசியின் மூன்று மாதக் கெடு முடிந்த மறுநாள் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். அடுத்தடுத்துச் சோதனைகள் நடந்தன. கடைசியில் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "புற்றுநோய். ஆரம்பத்துலயே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். குரல் தப்பிச்சிருக்கும். இப்ப குரல்வளையையே எடுத்தாகணும்."

வெளியே நீளமான நடைபாதை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வைத்துத்தான் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். காற்றாக வந்த வார்த்தைகளைப் பிடிக்க அவள் காதை அவர் வாயருகே வைக்க வேண்டியிருந்தது.

"பயப்படாதே" என்று முடித்தார். "பணம் மொத்தமா வரும்."

"வரட்டும்" என்றாள் அவள். "வந்து வாசல்ல நின்னு என்னைக் கூப்பிடுமா?"

எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். அவர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும், உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.