ஒரு நாக்ஃபா நோட்டு

அஸ்மாராவில் ரொட்டிக்குப் பெயர் ‘பானி’. ஒரு மாலை பானி வாங்கியபோது, கடைக்கார அம்மாள் மீதியாகத் தந்தது புத்தம்புது நோட்டு. எரித்ரியா விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் எத்தியோப்பியப் பணமே ஓடியது. இப்போதுதான் சொந்தப் பணமாக நாக்ஃபா வந்திருந்தது. நோட்டில் தலைவர் யாருமில்லை. பெயர் தெரியாத சாதாரண முகங்கள். நடுவில் மட்டும் ஒரு மடிப்பு; மடிப்பில்லாமல் வேறொன்று கிடைக்குமா என்று கேட்டேன். கள்ளநோட்டென்று நான் சந்தேகப்படுவதாக நினைத்து அவர் முகம் சுருங்கியது. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, “நல்ல நோட்டு, எங்கள் நோட்டு” என்றார். இந்தியாவிலிருக்கும் அண்ணனுக்கு என்று விளக்கினேன். “ஐயோ, இந்த நோட்டு அங்கே செல்லாதே” என்றார் இரக்கத்தோடு.

என் அண்ணன் சேகர், பம்மலில் ஒரு டுட்டோரியலில் கணக்கு வாத்தியார். எண்பதுகளில், நான் பள்ளியில் படித்தபோதே வெளிநாட்டு நோட்டுகளை ஆல்பத்தில் சேர்க்கத் தொடங்கிவிட்டார். துபாய், சிங்கப்பூர் போய் வந்தவர்களைத் தேடி, தாம்பரத்திலிருந்து கீழ்க்கட்டளை வரைகூட சைக்கிள் மிதிப்பார், பின்னால் நான். எரித்ரியாவில் ஆசிரியர் வேலை என்று விளம்பரம் பார்த்து விண்ணப்பம் வாங்கி வந்தவரும் அவர்தான். தனக்கொன்று, எனக்கொன்று. இன்டர்வியூவுக்குச் சேர்ந்தே போனோம். எனக்குக் கிடைத்தது. நான் கிளம்பிய அன்று, ட்யூஷன் இருக்கிறதென்று அவர் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை.

என் கடிதங்களுக்கு அண்ணிதான் பதில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளிருக்காது. சேர்ந்த நோட்டுகளைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருப்பேன். நாக்ஃபாவின் ஆறு வகை நோட்டும் சேர்ந்தபின் விடுமுறைக்கு ஊர் வந்தேன்.

அண்ணா ஒரு நாக்ஃபாவைத் திருப்பினார். போர்க்காலத்தில் மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடத்தின் படம். நெடுநேரம் பார்த்தார்.

“உன் ஸ்கூலும் இப்படித்தானா மாலா?”

என் பள்ளி மூன்று மாடிக் கட்டடம். “ஆமாண்ணா” என்றேன்.

“அப்போ நானும் மரத்தடியிலதான் கிளாஸ் எடுத்திருக்கணும். நல்லவேளை தப்பிச்சேன். அந்த வெயில் எனக்கு ஒத்துக்காது.”

வேலை கிடைத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்காக எத்தனை மாடியை வேண்டுமானாலும் இடித்திருப்பேன்.

ஆல்பத்தில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் நாட்டின் பெயரை எழுதிவைப்பது அவர் வழக்கம். நோட்டுகளைச் செருகி முடித்து, பேனாவைத் திறந்து, ‘மாலா ஊர்’ என்று எழுதினார். நான் அப்போது தாம்பரத்தில், பிறந்த வீட்டில், அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.