கொழுந்து எடுத்த கை

என் மாமனார் தேநீர் அருந்தும் நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக் கூடாது. அம்மியில் அரைக்கக் கூடாது. தொழுவத்தில் மாடு கழுத்தை ஆட்டி மணி ஒலித்தால்கூட ஒரு கண்ணை மட்டும் திறந்து அந்தப் பக்கம் முறைப்பார். கோப்பையை மூக்குக்குக் கீழே பிடித்து ஆவியை இழுப்பார். ஒரு வாய் உறிஞ்சி, விழுங்காமல் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக மாற்றிக் கடைசியில் விழுங்குவார். பிறகு தீர்ப்பு வரும். “இது பனி எறங்குன மலை. கெழக்குப் பாத்த சரிவு.” மதுரையைத் தாண்டி ஒரு முறைகூடப் போகாத மனிதர் அவர். அவர் ஏறிப் பார்த்த மிக உயரமான மேடு எங்கள் கண்மாய்க் கரைதான்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்ததற்குக் காரணம் தேயிலை அல்ல, காப்பி. வெள்ளைக்காரன் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலாடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் இரண்டு. ஒன்று எங்களுடையது, மற்றது எதிர்வீட்டுப் பங்காளியுடையது. அந்தப் பங்காளி மதுரையிலிருந்து காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் வாங்கிவந்து, எங்கள் வீட்டைப் பார்த்த மாதிரி ஜன்னலோரமாகப் பொருத்திவிட்டார். காலையில் கொட்டை வறுக்கும் வாசனை தெருவைக் கடந்து எங்கள் வாசலுக்குள் வரும். என் மாமனார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொள்வார். தானும் ஓர் இயந்திரம் வாங்கினால் பங்காளிக்குப் பின்னால் போனதாகிவிடும். வாங்காவிட்டால் தோற்றதாகிவிடும்.

அப்படி அவர் தவித்துக்கொண்டிருந்த நாளில்தான் கீழக்கரை முதலாளி ஒருவர் வீட்டுக்கு மிளகாய் விற்பனை பேசப் போனார். அந்த முதலாளிக்குக் கொழும்பில் கடை இருந்தது. பால் சேர்க்காத இலைத் தேயிலையைச் சின்னப் பீங்கான் கோப்பையில் கொடுத்து, இது மலை உச்சியில் விளைந்தது, கப்பலேறிச் சீமைக்குப் போவது என்று உபசாரமாக இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறார். என் மாமனார் திரும்பி வரும்போது ஒரு தகர டப்பாவும், மூக்கு வைத்த பீங்கான் கெண்டி ஒன்றும், வாழ்நாளுக்குப் போதுமான கர்வமும் கொண்டுவந்தார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அத்தனை உப்பு. தேயிலைக்கு ஊருணித் தண்ணீர்தான் வேண்டும். அதிலும் விடிவதற்கு முன்னால், யாரும் கால் வைக்காத நேரத்தில் எடுத்த தண்ணீர் வேண்டும். “தண்ணி தூங்கிக்கிட்டிருக்கும்போதே எடுத்துறணும், தாயி. முழிச்சிருச்சின்னா ருசி மாறிப்போகும்” என்பார். தண்ணீர் நன்றாகத் தூங்கியது. குடத்தை எடுத்துக்கொண்டு ஒரு மைல் நடந்த நான்தான் தூங்கவில்லை.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவருடைய பிரசங்கம். வந்தவர் போனவருக்கெல்லாம், தேயிலை மலையிலிருந்து கோப்பைக்கு வரும் கதையைச் சொல்வார். அந்த மலையில் கல்யாணமாகாத பெண்கள் விடியலில் அருவியில் தலைமுழுகி, ஈரப்புடவையோடு பாடிக்கொண்டே ஏறுவார்களாம். நகம் படாமல் இரண்டு விரலால் ஓர் இலையை எடுத்து, வாழை இலையில் வைத்து, மனதில் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த இலையைத் தொடுவார்களாம். “அந்தப் பொண்ணுக மனசு அமைதியா இருந்தாத்தான் இந்த வாசம் வரும்” என்று கண்ணை மூடுவார். வந்தவர்களும் மூடுவார்கள். கெண்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் எனக்கு வாயில் ஏதோ ஊறிக்கொண்டு வரும், அதை விழுங்கிவிட்டு அடுத்த கோப்பையில் ஊற்றுவேன்.

ஏனென்றால் நான் அந்த மலையில் பிறந்தவள். கண்டிச்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசைக் குடியிருப்பில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பிறந்தேன். பதினோரு வயதில் கூடையை முதுகில் மாட்டி அதன் கயிற்றை நெற்றியில் போட்டுக்கொண்டேன். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு மலை ஏறினேன். அருவியில் யாரும் குளிக்கவில்லை, மழைதான் எங்களைக் குளிப்பாட்டியது. கால் விரலிடுக்கில் அட்டை கடித்துக்கொண்டிருக்கும், அதைப் பிடுங்க நின்றால் கங்காணி பிடித்துக்கொள்வான். அவன் வாயிலிருந்து வந்ததைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுத்தான். நிறுக்கும்போது எடை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. அமைதியான மனசோடு ஓர் இலையாக எடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் குடும்பமே பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

இது என் புகுந்த வீட்டுக்குத் தெரியாது. அப்பா இறந்த பிறகு, பதினாறு வயதில் என்னை ஊருக்குக் கூட்டிவந்தவர் என் தாய்மாமன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகள் என்று சொல்லி என்னை இந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார். கடலுக்கு அந்தப் பக்கம் போய் யார் விசாரிப்பது? கணக்கப்பிள்ளை மகள் என்பதால் எனக்கு வீட்டில் மரியாதை இருந்தது. கூலிக்காரி மகள் என்று தெரிந்திருந்தால் இந்த வாசல் படியை மிதித்திருக்க மாட்டேன்.

அம்மா மட்டும் அங்கேயே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது, யாரையோ விட்டு எழுதியது. ஊரார் பெயர்களையெல்லாம் குடியுரிமைக்குப் பதிவு செய்ததில் தன் பெயர் இல்லையாம், அந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், முதுகும் முன்போல வளையவில்லையாம். ‘உன் மாமனும் போய்ச் சேர்ந்துவிட்டான். எனக்கு உன்னை விட்டால் போக்கிடம் இல்லை. வரட்டுமா?’ என்று கேட்டிருந்தாள். அவள் வந்து நின்றால் அவள் விரலைப் பார்த்தே என் பொய் வெளியாகிவிடும். கறுத்து, வெடித்து, கறை உள்ளே இறங்கிய விரல்கள் அவளுக்கு. எந்தக் கணக்கப்பிள்ளை மனைவிக்கும் அப்படி விரல் இருக்காது. ‘கொஞ்சம் பொறு’ என்று பதில் எழுதினேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு கார்டு வந்தது. அதற்கும் ‘பொறு’ என்றுதான் எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் என் மாமனார் தன் நிலத்திலேயே தேயிலை பயிரிடுவது என்று முடிவு கட்டினார். முள்ளும் கரம்பையுமான எங்கள் மண்ணில் தேயிலை. கீழக்கரை முதலாளி எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். “இது மலைச் செடிண்ணே, நம்ம வெயிலுக்கு ஆகாது.” மாமனார் விடவில்லை. பிடுங்கல் பொறுக்காமல் அவர் எட்டு நாற்றுகளை அந்த மலை மண்ணோடு தகரத்தில் வைத்து, ஈரச் சாக்கு சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு நாற்று எட்டு நாளில் கருகிவிட்டது. எட்டாவது நாற்று, குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேப்ப மரத்து நிழலில், தகரத்தை விட்டு இறங்காமலே பிழைத்துக்கொண்டது. ஐப்பசி மழையில் தளிரும் விட்டது. அந்தத் தளிரை என் மாமனார் தன் முதல் பேரப்பிள்ளைபோல் பார்த்தார். உண்மையான பேரப்பிள்ளையை, என் பிள்ளையை, அப்படிப் பார்த்ததில்லை.

முதல் அறுவடைக்கு நாள் பார்க்கப்பட்டது. ஒரு செடி, அதிலும் இடுப்பு உயரம்கூட இல்லாத செடி. கீழக்கரை முதலாளி அழைக்கப்பட்டார். வயிறெரியட்டும் என்று பங்காளியும் அழைக்கப்பட்டார். பித்தளைத் தாம்பாளத்தில் வாழை இலை விரித்து, அத்தை, அதாவது என் மாமியார், கையில் கொடுத்து நிற்கவைத்தார்கள். மாமனார் குளித்து, விபூதி பூசி, செடிக்கு முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்து என்ன செய்தார் தெரியுமா? இளந்தளிரை விட்டுவிட்டு, அடியில் முற்றிப்போய் நாய்த்தோல் மாதிரி தடித்திருந்த இலையைப் பிடித்துக் காம்போடு திருகினார். “பெரிய எலையிலதான் சாறு நெறைய இருக்கும்” என்று பங்காளிக்கு விளக்கமும் சொன்னார். மொத்தச் செடியும் வேரோடு ஆடியது.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள் கை போய்விட்டது. இரண்டு கையும் போய்விட்டன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, டக் டக்கென்று நாலைந்து தளிரை ஒடித்து, தோளுக்கு மேலே முதுகுப் பக்கம் வீசினேன். முதுகில் கூடை இல்லை. கொழுந்து தரையில் விழுந்தது.

கீழக்கரை முதலாளி என்னையே பார்த்தார். கொழும்புக்கும் கண்டிக்கும் போய்வந்த மனிதர், அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மாமனாருக்குக் கோபம்தான் வந்தது. “ஏத்தா, கொழுந்தைக் கொண்டுபோய்த் தரையில போடுறியே. பறிக்கத் தெரியாதவ எதுக்குக் கை வைக்கிறே?”

“விடுங்கண்ணே” என்றார் முதலாளி அவசரமாக. “சின்னப்புள்ள, ஆசையில தொட்டுருச்சு.”

அவர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குப் போயிருக்கலாம். ஆனால் என்னைப் பார்த்து, பறிக்கத் தெரியாதவள் என்று என் மாமனார் சொன்னாரே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

“தெரியும் மாமா. அஞ்சு வருசம் எடுத்தேன். எங்கம்மா இன்னமும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கு. எங்கய்யா கணக்கப்பிள்ளை இல்லை, கூலி.”

பங்காளி இருமினார், அல்லது சிரித்தார். அத்தை தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, “லயத்துல பெறந்தவளையா என் அடுப்படியில விட்டேன்” என்று உள்ளே போய்விட்டாள். என் கணவர், வாயில்லாப் பூச்சி, தரையில் கிடந்த கொழுந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. மாமனார் தேநீரும் கேட்கவில்லை. வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தும்மினார்கள். நான் மட்டும் என் துணிமணிகளை ஒரு பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு, எப்போது போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பங்காளி வந்தார். காப்பி குடித்த தெம்போடு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “என்னப்பா, உன் சமந்தியம்மா அங்கன கூடை தூக்குதாமுல்ல? ஊரெல்லாம் பேச்சா இருக்கு. மனசு கேக்கல, பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்.”

என் மாமனார் முகத்தை நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குள் இரண்டு கர்வம் அடித்துக்கொண்டன, குடும்ப கர்வமும் தேயிலை கர்வமும். குடும்ப கர்வம் நூறு வருடத்தது. தேயிலை கர்வம் ஏழு வருடத்தது. ஆனால் எதிரே பங்காளி உட்கார்ந்திருந்தார்.

“ஆமா” என்றார் மாமனார், நிமிர்ந்து உட்கார்ந்து. “கொழுந்து எடுத்த கைதான் எங்க வீட்ல தேயிலை போடுது. உன் வீட்ல காப்பிக்கொட்டை பறிச்ச கை இருக்கா? இருந்தாக் காட்டு, பாப்போம்.”

பங்காளியிடம் அப்படி ஒரு கை இல்லை. அவர் முகம் விழுந்துவிட்டது. இந்த நேரம் போனால் வராது என்று எனக்குத் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

“என் கை அஞ்சு வருசத்துக் கைதான் மாமா. எங்கம்மாது முப்பது வருசத்துக் கை. அதை வரச் சொல்லட்டுமா? போக்கிடம் இல்லாமக் கெடக்கு.”

பங்காளி என் மாமனாரைப் பார்த்தார். பங்காளி பார்க்கிறார் என்பதை என் மாமனாரும் பார்த்தார். “இதுல கேக்க என்ன இருக்கு? வரச் சொல்லு” என்றார்.

என் கணவர் தனுஷ்கோடிக்குப் போய், கப்பலிலிருந்து இறங்கிய அம்மாவைக் கூட்டிவந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, அவ்வளவுதான் கொண்டுவந்திருந்தாள். அத்தை முகம் கொடுக்கவில்லை. அம்மாவும் அதை எதிர்பார்த்தவளாகத் தெரியவில்லை. மாமனாரைக் கண்டதும், தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னதற்குத் தரையில் குத்துக்காலிட்டாள்.

அன்றைக்கு மாமனாரே தன் கையால் தேநீர் தயாரித்தார். பங்காளியும் வந்து உட்கார்ந்திருந்தார், வராமல் இருக்க முடியுமா? பீங்கான் கோப்பையை அம்மா கையில் கொடுத்து, “நிதானமா, வாசம் பிடிச்சு, மனசை ஒரு நெலைல வச்சுக் குடிங்க. குடிச்சிட்டு இது எந்த மலைன்னு சொல்லுங்க” என்றார்.

அம்மா ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு கோப்பைக்குள் எட்டிப்பார்த்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாருக்குங்கய்யா” என்றாள்.

அது போதும் மாமனாருக்கு. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவளே சொல்லிவிட்டாள் என்று அந்த வாரம் முழுக்கக் கடலாடிவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தீர்ப்புச் சொன்னவள் அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அம்மா என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். கோப்பையை இன்னும் கையில் வைத்திருந்தாள். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆலைத் தரையில் கூட்டி அள்ளிய தூள். அதைக் கொதிக்கவிட்டு, உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். நல்ல இலை எல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். முப்பது வருடத்தில் அவள் அதை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை.

“அது என்னாத்தா, அவுக குடுத்தது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“தேயிலைம்மா. நீ எடுத்ததுதான். அந்தக் கொழுந்துதான்.”

 கோப்பையின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“இதுக்குத்தானா?” என்றாள்.

“ஆமாம்மா, இதுக்குத்தான்” என்றேன்.