ஓரகத்தி வீட்டில் வயரே இல்லை

அரியலூரில் என் ஓரகத்தி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வயர்கூட வெளியே தெரியாது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

இன்று பெரம்பலூரில் வைஃபையும் ப்ளூடூத்தும் சேர்ந்த கார்டு வாங்கிவந்து நானே மாட்டினேன். வைஃபை வந்துவிட்டது. கீபோர்டு, மவுஸ் வயரை ஒழிக்கும் ப்ளூடூத்துக்கோ கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒரு யுஎஸ்பி இணைப்பு வேண்டும். எங்கள் மதர்போர்டில் இருப்பதே ஒன்றுதான். அதில் முன்பக்க யுஎஸ்பியின் வயர் மாட்டியிருந்தது.

"அதப் புடுங்குனா முன்னாடி பென்டிரைவ் சொருக முடியாதும்மா" என்றார் கணவர்.

"அவ வூட்டுல வயரே இல்லீங்க" என்று சொல்லிப் பிடுங்கிவிட்டேன்.

சாயங்காலம் ஓரகத்தியே வந்தாள், கல்யாண போட்டோ பென்டிரைவோடு. மேசைக்கு அடியில் புகுந்து, பின்பக்கம் தடவித் தடவிச் சொருகினேன்.

"எங்க வூட்டுல முன்னாடியே இருக்குக்கா" என்றாள்.

பின்னால் சொருகினால்தான் படம் தெளிவாக வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் கமெண்டில் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.