பொட்டு வைத்த சிடி

சேகர் போய்விட்ட செய்தி எனக்குப் பால் வாங்கும் இடத்தில்தான் வந்தது. "தேரடி வீதி சிடி கடைக்காரரு தவறிட்டாராம், உங்களுக்குச் சொல்லலையா?" என்று பால்காரர் கேட்டார். செம்பை நீட்டிய கையை நான் மடக்கவில்லை. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். பன்னிரண்டு வருஷம் சென்னையிலிருந்து பஸ்ஸில் அவருக்குச் சிடி கொண்டுவந்தவன் நான்.

முதல் தடவை, பெட்டி ஆடாமல் இருக்கட்டும் என்று டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி மேல் வைத்துவிட்டேன். சூடேறி ஒன்றுகூடத் தட்டையாக இல்லை. சேகர் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "சிடி வாங்கிட்டு வரச் சொன்னா அப்பளம் வாங்கிட்டு வந்திருக்கீங்களேண்ணா" என்றார். திட்டு அவ்வளவுதான். பிறகெல்லாம் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். கடையில் எதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க விடமாட்டார். "புஸ்தகம் மாதிரி நிக்கணும்ணா. படுத்தா வளைஞ்சிடும்" என்பார்.

என் மனைவி பச்சையம்மாள் நாற்று நடும்போது பாடுவதை, எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் கழனிக்கே வந்து சிடியில் பதிந்து கொடுத்தார். அடுத்த வருஷம் அவள் போய்விட்டாள். ஆயுத பூஜையன்று கடப்பாரை, மண்வெட்டியோடு அந்தச் சிடியையும் வைத்தேன். எழுத்து இருக்கிற பக்கம் எனக்கெதற்கு? முகம் தெரிகிற பக்கம்தான் முகம் என்று, அந்தப் பளபளப்பில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். காய்ந்ததும் நகத்தால் சுரண்டியதும் நானேதான். அதன்பிறகு பாட்டு நாலு வரி போகும். அங்கேயே திக்கி நின்றுவிடும்.

சேகரிடம் கொண்டுபோனேன்.

"சாமிக்கு வெச்சீங்களா, அண்ணிக்கு வெச்சீங்களா?"

"அவளுக்குத்தான்."

சிரிக்க வந்தவர் சிரிக்கவில்லை. மெல்லிய துணியை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுத்துத் துடைத்தார். "சுத்திச் சுத்தித் துடைக்காதீங்க. கீறல் வட்டமா விழுந்தா ஜாஸ்தி கெடும்." எவ்வளவு துடைத்தும் நாலு வரிதான். "எங்கிட்ட இன்னொண்ணு போட்டு வெச்சிருக்கேன், தேடித் தரேன்" என்றார்.

நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தார். "என்னையும் படுக்க வெச்சுட்டாங்கண்ணா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அண்ணி பாட்டு..." என்று ஆரம்பித்தார். "அத விடுப்பா, மூச்சு வாங்குது பாரு" என்று நானே அவர் வாயை அடைத்துவிட்டேன். எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்ல வந்திருப்பார்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி கடையைத் திறந்துவிட்டார். "காலி பண்ணப் போறோம்ணா, வேணுங்கறத எடுத்துக்கங்க." சுவர் முழுக்க எல்லாம் நிமிர்ந்து நின்றன. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. நான் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, அந்த அம்மாள் மூன்று நாள் பெயர் படித்துச் சொன்னார். பச்சையம்மாள் என்ற பெயர் வரவேயில்லை.

என்னிடம் மிஞ்சியது அந்தச் சுரண்டிய சிடியும் அவர் சொல்லிக் கொடுத்ததும்தான். வெயில் படாத மூலையில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஓரத்தைப் பிடித்து எடுத்துப் போடுகிறேன். நாலு வரி பாடுகிறாள். நின்றதும் எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு தடவை துடைத்து, மறுபடி நிற்க வைக்கிறேன்.