அம்மாவின் ஃபோம் கட்டியும் எல்ராயின் கிடேரிகளும்

"அம்பு இதுக்குள்ள நிக்கலன்னா, அப்புறம் எங்க போய் நிக்கும்?"

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டரில் உட்கார்ந்தபடி எல்ராய் ஹாவ்லிக் கேட்ட கேள்வி இது. அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தகரக் கொட்டகையின் வாசலில், கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தேன். எனக்குப் பின்னால், புல்வெட்டும் வண்டியின் இருக்கையில், அம்மாவின் அம்பு குத்தி நின்றது. அது வந்து குத்தியபோது, குழாயை எடுக்கக் குனிந்திருந்த என் தோளுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

என் அம்மாவின் பெயர் மார்லிஸ் சாஸ்ட்ரோ. பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இந்தப் பக்கத்தில் முப்பது வயதுக்குள் இருக்கும் பாதிப் பேர் அவள் பேருந்தில் வாந்தி எடுத்தவர்கள்தான். அப்பா டலூத் நகரத்தில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். அவர் எங்களை விட்டுப் போன வருடம், இரு முனையிலும் கப்பி சுழலும் அவருடைய பழைய காம்பவுண்ட் வில்லை விற்கப் போனவள், கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு மான். எங்கள் குளிர்காலம் முழுக்க உறைபெட்டியில் இருப்பது அந்த இறைச்சிதான். எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர், அதில் மான் வராது. எல்ராயின் ஓக் மரங்களுக்கும் சதுப்புக்கும் நடுவில்தான் வரும். அவர் 'சரி' என்றால்தான் அம்மாவுக்கு வேட்டை.

போன வருடம் அம்மா ஒரு மானை அடித்தாள், ஆனால் அது கிடைக்கவில்லை. இரண்டு நாள் தேடினோம். வசந்தத்தில் பனி உருகியபோது, சதுப்பின் ஓரம் அதன் எலும்புகளை எல்ராய் பார்த்தார். மஞ்சள் இறகு வைத்த அம்மாவின் அம்பும் அங்கேயே கிடந்தது. அதை அவர் தன் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். பெட்ரோல் போட நின்றாலும் தேவாலயத்துக்குப் போனாலும் அந்த மஞ்சள் இறகு ஊருக்கே தெரிந்தது.

தவறு எங்கே என்று அம்மாவுக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற தவறு அது. கோடை முழுக்க உருண்டை முனை போட்டுப் பழகுவோம். வேட்டைக் காலம் திறக்கும் நாளுக்கு முந்தின இரவு அதைக் கழற்றிவிட்டு பிளேடு முனையைத் திருகுவோம். இரண்டும் ஒரே எடைதான், ஆனால் ஒரே மாதிரி பறக்காது. பிளேடு காற்றைப் பிடித்து அம்பைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். தெரிந்தும் ஏன் யாரும் பிளேடோடு பழகுவதில்லை என்றால், அது இலக்கைக் கிழித்துவிடும்.

எல்ராய் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார். "திறப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை வருவேன், மார்லிஸ். பிளேடு போட்டு அஞ்சு அம்பு, இருபத்தஞ்சு எட்டு நடந்த தூரத்துல ஒரு காகிதத் தட்டு. அஞ்சும் தட்டுல இருந்தா காடு உன்னோடது. இல்லன்னா மில்வாக்கில இருக்கற என் மருமகன் கேட்டுட்டே இருக்கான்."

செப்டம்பர் தொடக்கத்து ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல் முறையாக பிளேடைத் திருகினாள். இலக்கு, கொட்டகையின் தகரச் சுவருக்கு முன்னால் தொங்கிய, மூன்று கோடை தாங்கிய எங்கள் பழைய சாக்கு. தீவனச் சாக்குக்குள் பழந்துணியும், புல் உருளைகளைச் சுற்றும் வெள்ளை பிளாஸ்டிக்கும் திணித்து நாங்களே கட்டியது. உருண்டை முனையை அது தலையணை மாதிரி வாங்கிக்கொள்ளும். முதல் பிளேடு அம்பு பாதியில் நின்றது. இரண்டாவது அம்பு சாக்கையும் தகரத்தையும் தாண்டி வந்துவிட்டது. நான் கொட்டகைக்குள் போனதை அம்மா பார்க்கவில்லை. போகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. சட்டியைக் கழுவினாள், துடைத்தாள், திரும்பவும் கழுவினாள்.

"ஒரு சாண்," என்றாள்.

"ஒண்ணும் ஆகலம்மா."

"வாயை மூடு, பெக்கா. ஒரு சாண்."

திங்கட்கிழமை சாயங்காலம் பேருந்தை விட்டுவிட்டு நேராகத் தீவனக் கடைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். கம்பளி சாக்ஸுக்குள் சுற்றிய பிளேடு அம்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கடைக்கார வெண்டல் இரண்டு கையையும் தூக்கினார். "கல்லாவை எடுத்துக்க மார்லிஸ், என்னை விட்டுடு. வீட்டுல பூனை இருக்கு."

"பிளேடை நிறுத்தற இலக்கு வேணும், வெண்டல். நிறுத்தும்னு சொல்றது வேணாம், நிறுத்தணும்."

சுவரோரம் மூன்று வகை இருந்தன. அம்மா விலைச்சீட்டைப் பார்க்கவில்லை. "புதுசை ஏன் காட்டறீங்க? புதுசு எல்லாமே நிறுத்தும். நீங்க அடிச்சுப் பழசான கட்டிய காட்டுங்க," என்றாள்.

வெண்டல் தலையைச் சொறிந்துகொண்டு எங்களைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். மூன்றுமே அங்கே வெயிலில் கிடந்தன. முதலாவது துணிப்பை. பிளேடு பட்ட இடமெல்லாம் வாய் பிளந்து பஞ்சு தொங்கியது. இரண்டாவது, மெல்லிய ஃபோம் தாள்களை அடுக்கி இறுக்கிக் கட்டியது. அம்மா அம்பைக் கையாலேயே குத்தி இழுத்துப் பார்த்தாள். இரண்டு விரலில் வந்துவிட்டது.

"இதுதான் எல்லாரும் வாங்கறது. இழுக்க சுகமா இருக்கும்," என்றார் வெண்டல்.

"சுகமா வெளிய வர்றது சுகமா உள்ளயும் போகும்," என்று அம்மா அதன் நடுவைக் காட்டினாள். அங்கே தாள்கள் குறுக்காக வெட்டுப்பட்டு நாய் முடி மாதிரி சிலிர்த்திருந்தன. கை மணிக்கட்டுவரை போனது.

மூன்றாவது, ஒரே வார்ப்பாக ஊற்றிய கனமான ஃபோம் கட்டி. ஆறு பக்கமும் அடிக்கலாம். அதில் குத்தியிருந்த அம்பை இழுக்க அம்மா முழங்காலை முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அம்பு வந்ததும் வெட்டு தானாக மூடிக்கொண்டது. எங்கே குத்தியது என்று தேடவேண்டியிருந்தது.

"பெண்டுகளுக்கு அதுல இருந்து இழுக்கறது கஷ்டம் மார்லிஸ்."

"தினம் நாப்பத்திரண்டு பிள்ளைங்கள சீட்டுல இருந்து பிடுங்கி இறக்கறேன். இது கத்தாது, கடிக்காது. தூக்கிப் போடுங்க வண்டில."

வெண்டல் சிரித்தார், ஆனால் ஏற்றும்போது ஒன்று சொன்னார். "ஒரே இடத்துல அடிக்காதே. மேல மூடிக்கும், உள்ள மூடாது. இழுக்கறப்போ திருகாதே. திருகினா உள்ள கிணறு வெட்டின மாதிரி ஆயிடும்."

அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தாள். கறுப்பு மையில் ஆறு பக்கத்துக்கும் எண் போட்டாள். நாளுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்தில் நான்கு மூலைப் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு சுற்று அம்பு. ஆறாம் எண் பக்கத்தைத் தொடவில்லை. அது வெள்ளிக்கிழமைக்கு. கட்டியைக் கொட்டகைக்கு எதிர்த் திசையில், எல்ராயின் மேய்ச்சல் வேலிக்கு முன்னால் வைத்தாள், அம்பு வேலித் திசையில் பறக்கும்படி. பின்னால் இரண்டு வைக்கோல் கட்டு. வேலிக்கு அப்பால் மேயும் அவருடைய கிடேரிகள் அந்த நாட்கள் முழுக்கத் தூரத்து மூலையில் குளத்தருகேதான் நின்றன.

ஒவ்வொரு அம்புக்கும் முன்னால், "பெக்கா, எங்க இருக்கே?" என்று கத்துவாள். "பின்னாலதான்!" என்று நான் கத்துவேன். மூன்றாம் நாள் அம்புகள் இடப்பக்கம் விலகுவதைக் கண்டுபிடித்து வில்லில் குறி பார்க்கும் கம்பியைத் திருகிச் சரிசெய்தாள். அடுத்த புதன்கிழமைக்குள் தட்டளவை விட்டு ஒன்றும் வெளியே போகவில்லை.

இனி என் பங்கு. இதை எழுத எனக்கு நான்கு தாள் கிழிந்தது.

ஜூனில் பள்ளியை முடித்தேன். கல்லூரியில் சேரவில்லை, வேலையும் இல்லை. பார்க்கிறவர்களெல்லாம் "அடுத்து என்ன?" என்று கேட்டார்கள். மதியம் அம்மா பேருந்து எடுக்கப் போனதும் வீடு என் தலையில் உட்கார்ந்துகொள்ளும். கடைசி வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் வில்லை எடுத்தேன். மற்றப் பக்கங்களில் புதுக் குத்து விழுந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் திருப்பிப் பார்க்காத பக்கம் ஆறுதான். அதில் புள்ளி இல்லை, அதனால் நடுவில் அடித்தேன். நாளுக்கு முப்பது அம்பு, எல்லாம் நடுவில், எல்லாம் பிளேடு. இழுக்க எனக்குப் பலம் போதாது, அதனால் திருகினேன். ஒவ்வொரு முறையும் ஃபோம் மூடிக்கொண்டது. கட்டியைப் பழையபடி திருப்பி வைத்தேன், யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு எல்ராய் வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் உணவகத்தில் போடும் மீன் வறுவலுக்குப் போகும் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"ஆறு மணிக்கு மேசை சொல்லியிருக்கேன். என்னைப் பட்டினி போடாதே," என்றார். கட்டியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார், அது அசையவில்லை. "கனமாத்தான் இருக்கு. நிக்குமா?"

"நிக்கும்," என்றாள் அம்மா. ஆறாம் பக்கத்தை முன்னால் திருப்பி, நடுவில் காகிதத் தட்டை ஆணியால் குத்தினாள். சரியாக என் நடு.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கட்டி புதுசுதானே, நான் அடித்தது என்ன பெரிய அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் அம்பு தட்டில் பாய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. எல்ராய் பல்குச்சியை வாயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். அப்போதுதான் குளத்துப் பக்கம் ஓர் அசைவு தெரிந்தது. கிடேரிகளுக்கு எல்ராயின் வண்டிச் சத்தம் தெரியும். அந்த வண்டி என்றால் தீவனம். பதினோரு கிடேரியும் வரிசையாக எங்கள் வேலியைப் பார்த்து நடந்து வந்தன. இத்தனை நாளும் யாரும் யோசிக்காத விஷயம் அது.

மூன்றாவது அம்பும் தட்டில்தான். அம்மாவின் கண் தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

நான்காவது தட்டின் நடுவில் பாய்ந்தது. ஆனால் சத்தம் வேறு மாதிரி கேட்டது. மற்றவை 'தொப்' என்று நின்றன, இது பேப்பர் கிழிகிற மாதிரி போனது. மூன்று அம்புகளின் தண்டும் முழ நீளம் வெளியே நின்றது. நான்காவதில் மஞ்சள் இறகு மட்டும்தான் தெரிந்தது.

கிடேரிகள் வேலிக்கு வந்துவிட்டன. ஒன்று கம்பிக்கு மேல் மூக்கை நீட்டியது. அம்மா ஐந்தாவது அம்பை நாணில் வைத்து இழுத்தாள்.

நான் பேசினால் அம்மாவின் ஐந்து அம்பும் போச்சு, காடும் போச்சு. பேசாவிட்டால்? எல்ராயின் பழைய கேள்வி என் முன்னால் வந்து நின்றது.

"அம்மா, நிறுத்து! விடாதே!"

இழுத்த நாணை விடாமல் திரும்பக் கொண்டுவருவது இழுப்பதைவிடக் கஷ்டம். ஆனாலும் அம்மா கொண்டுவந்துவிட்டாள்.

"நான் அடிச்சேன் அதுல. மூணு நாளா. நடுவுல. திருகி இழுத்தேன்."

எல்ராய் நடந்துபோய் கட்டிக்குப் பின்னால் குனிந்தார், வைக்கோலை விலக்கினார். நான்காவது அம்பின் பிளேடு விரல் நீளத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார், வேலியில் நின்ற மூக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

அம்மா வில்லைத் தரையில் வைத்தாள். "இந்த இடத்துல அஞ்சாவதை விடமாட்டேன் எல்ராய். உங்க மருமகனுக்கே குடுங்க."

"நான் ஏதாவது சொன்னேனா?"

"நீங்க சொல்லலன்னாலும் விடமாட்டேன்."

எல்ராய் கிடேரியின் நெற்றியைத் தள்ளி, "போ, உனக்கு ஒண்ணும் இல்ல இங்க," என்றார். எல்லாவற்றையும் வேலி நெடுகக் கைதட்டி விரட்டிவிட்டு வந்தார். அம்புகளை ஒவ்வொன்றாக நேராக இழுத்து எடுத்தார். அதற்குள் சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது. கட்டியைப் புரட்டி மூன்றாம் பக்கத்தை முன்னால் கொண்டுவந்தார். அதன் நடுவில் ஒரு குத்தும் இல்லை, மூலைகளில் மட்டும் இருந்தன. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, அதே தட்டை அங்கே குத்தினார்.

"நாலு எண்ணியாச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி. மீன் ஆறுது."

அம்மா வில்லை எடுத்தாள். "பெக்கா, எங்க இருக்கே?"

"பின்னாலதான்மா." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்பு போனது. தொப் என்ற சத்தம். ஒரு சாண் உள்ளே, மிச்சம் வெளியே. மூவரும் நடந்துபோய்ப் பார்த்தோம். பிளேடு தட்டின் விளிம்பை வெட்டியிருந்தது. பாதி தட்டில், பாதி ஃபோமில்.

"பாதிதான் உள்ள இருக்கு," என்றாள் அம்மா, அவர் கேட்பதற்கு முன்பே.

எல்ராய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, வெகு நேரம் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மீன்ல எப்பவும் ஒரு துண்டு தட்டு விளிம்புல தொங்கும். அதை நான் வேண்டாம்னு விட்டதில்ல," என்றார். வண்டிக்குப் போய், முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த பழைய அம்பை எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்தார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"நாளைக்கு உனக்கு வேலை ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"மண்வெட்டி இருக்கா?"

மறுநாள் விடியும்முன் மானுக்குக் காத்திருக்க அம்மா ஓக் மரத்தில் ஏறியிருந்தாள். எட்டு மணிக்கு எல்ராயின் பெரிய வண்டி எங்கள் முற்றத்தில் நுழைந்து, கட்டிக்குப் பின்னால் மண்ணைக் கொட்டியது. ஆறு நடை கொட்டினார். ஒவ்வொரு நடைக்கும் நான் மண்ணை வெட்டிச் சரித்து மேடு கட்டினேன். என் உயரத்துக்கு மேல் எழுந்தது. கை கொப்பளித்தது. அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கடைசி நடையில் மட்டும் கண்ணாடியை இறக்கி, "இப்போ சொல்லு. கட்டில நிக்கலன்னா எங்க நிக்கும்?" என்றார்.

"மண்ணுல," என்றேன்.

அன்று அம்மா ஒரு மானைப் பார்த்தாள், அது கோணலாக நின்றதால் விட்டுவிட்டாள். மூன்றாவது வாரம் ஒன்றை அடித்தாள். அடிபட்ட இடத்திலிருந்து எங்கள் முற்றத்து நீளத்துக்குள்ளேயே அது விழுந்தது. இரண்டு நாள் தேடவேண்டியிருக்கவில்லை. ஆறாம் பக்கத்தில் இப்போது அம்மாவின் கையால் பெரிய பெருக்கல் குறி இருக்கிறது. பக்கத்தில் என் பெயர்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது பழைய சாக்கைத் தொங்கவிட்டு பிளேடைத் திருகிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை. அவர்கள் நாணை இழுக்கும் முன்னால் எல்ராயின் கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்வரை வில்லைக் கையில் கொடுக்காதீர்கள்.