இருநூற்று இருபத்தொன்று

சாஃப்ட்பால் என்றால் மெத்தென்று இருக்கும் என நினைப்பவர்கள் அதை ஒருமுறை முழங்காலில் வாங்கிப் பார்க்கவும்.

எங்கள் மைதானத்தில் பேட் பரிசோதிப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் வளையம். ஒவ்வொரு பேட்டையும் இரும்பு வளையத்துக்குள் விட்டு எடுப்பார். நுழையாவிட்டால் பேட் உப்பிவிட்டது என்று அர்த்தம். பிறகு நகத்தால் தடவி விரிசல் தேடுவார். கடைசியில் இயந்திரத்தில் வைத்து நெரிப்பார். அடித்துப் பழகிய பேட் உள்ளுக்குள் நெகிழ்ந்துபோகும். நெகிழ நெகிழப் பந்து பேய் வேகத்தில் பறக்கும். முள் இருநூற்றிருபதுக்குக் கீழே நின்றால் பேட் வெளியே. தேறினால் பச்சை ஸ்டிக்கர்.

அதில் ஒன்றைச் சுட்டு அவர் வழுக்கையிலேயே ஒட்டியவள் நான். அரைநாள் அப்படியே திரிந்தார். தெரிந்ததும், "பரவால்ல, நானாவது தேறிட்டேனே" என்றார்.

அரையிறுதியில் நான் அடித்த பந்து எதிரணியில் பந்து வீசியவளின் இடது கண்ணில் இறங்கியது. அவள் வளையத்தின் மகள். பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சேட்டைக்குப் பெயர் போனவள், பேட்டையும் ஏதோ நோண்டியிருப்பாள் என்று. மறுநாள் மறுபரிசோதனை. தேறாவிட்டால் நான் இனி ஆடவே முடியாது.

"வேற ஆள வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார் கமிட்டித் தலைவர். வளையம் கேட்கவில்லை.

அவர் கூடவே வந்த மைத்துனர் அவர் காதருகே குனிந்தார். ஊருக்கே கேட்டது. "புள்ளைக்குக் கண்ணே போச்சு மச்சான். ரெண்டு பாயிண்ட் கொறச்சு எழுதுங்க. இந்தக் கழுத இனிமே ஆடக் கூடாது."

வளையம் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். இயந்திரம் சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் இரும்புக் கட்டையை வைத்துப் பார்த்தார். பிறகு என் பேட்டை வைத்து இயந்திரத்தின் பிடியைத் திருகினார். அவர் உதடு அசைந்தது. இறங்கு, இறங்கு என்றுதான் வேண்டியிருப்பார். யாராவது தப்பு செய்திருந்தால் திட்டவாவது ஆள் கிடைக்குமே.

முள் இருநூற்று இருபத்தொன்றில் நின்றது. பேட்டைக் கொஞ்சம் உருட்டி மறுபடி நெரித்தார். அதே எண்.

மைத்துனர் "ச்சே" என்று வெளியே போனார். வளையம் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சுத்தமா இருக்கும்மா. உன் மேல தப்பில்ல" என்று பேட்டை நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. அவர் அதை மேசையிலேயே வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். பாதி முகம் கட்டோடு மகள் கேட்டாள்:

"எவ்வளவுப்பா காட்டுச்சு?"

"இருநூத்தி இருபத்தொண்ணு."

"அப்ப பேட் ஓகே. நான்தான் கைய லேட்டா தூக்கிருக்கேன்."

எண்ணுக்கு எதிராகப் பேசிப் பழகாத மனுஷர். போர்வையின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார், விரிசல் தேடுவதுபோல.

அவள் மற்ற கண்ணால் என்னைப் பார்த்துவிட்டாள். "வாடி. கையில என்ன ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்லடி."

பச்சை ஸ்டிக்கர். அவள் கட்டின் மேல் ஒட்டிச் சிரிக்கவைக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். வேர்வையில் அது என் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது.