துரை கொடுத்த மெத்தை

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டினேன். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே வாங்கிய கார் அது. காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் சுடுகிறார்கள் என்று துரை பின்கதவு இரண்டிலும் தன் முதுகுக்குப் பின்னாலும் கனத்த இரும்புத் தகடு அடித்துக்கொண்டார். முன்னால் உட்காருகிறவனுக்கு ஒரு துண்டுத் தகரம்கூடக் கிடையாது. குண்டுக்கு ஆள் தராதரம் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ.

தகடு ஏறியதும் துரைக்கு முதுகுவலி வந்துவிட்டது. பின்சீட்டின் ஸ்பிரிங்குகள் ஏற்கெனவே தொய்ந்து போனவை. உள்ளே இருந்த தேங்காய் நார் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. சுங்கைப் பட்டாணி டவுனில் சீட்டு தைக்கும் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் கொண்டுபோய்ச் சரிசெய்யச் சொன்னார்கள். கூடவே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் வந்தார்.

என் சீட்டும் அதே லட்சணம்தான். உடைந்த ஸ்பிரிங் ஒன்று தொடையைக் குத்திக்கொண்டே இருக்கும். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. வழியில் குருண் சாலையைப் பார்த்தபடி, மனத்தில் இருந்ததைத்தான் கேட்டேன்.

"ஐயா, மீந்த தகட்டுல ஒண்ணு என் கதவுக்கும் அடிக்கச் சொல்லுங்களேன். வீட்டுல புள்ளத்தாச்சியா இருக்கா."

"தொரகிட்ட சொல்றேன்லா" என்றார் கிராணி. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று தெரிந்தும் நம்பினேன்.

கார் திரும்பி வந்தது. பின்சீட்டில் ஸ்பிரிங் புதிது, நார் புதிது, தோல் புதிது. துரையின் தலை ஜன்னலுக்கு மேல் தெரியாதபடி முழுச் சீட்டையும் தாழ்த்தியிருந்தார்கள். என் கதவு போனபடியே இருந்தது. ஆனால் என் சீட்டில் புத்தம்புது மெத்தை!

"ஒனக்குன்னு தொர தனியாச் சொல்லிச் செஞ்சது. கையெடுத்துக் கும்பிடு" என்றார் கிராணி.

கும்பிட்டேன். வயிறு எரிய எரியக் கும்பிட்டேன். உயிருக்குக் காவல் கேட்டவனுக்குப் பிட்டத்துக்குச் சொகுசு கொடுத்திருக்கிறார்கள். அதைக் கருணை என்று வேறு சொல்கிறார்கள்.

மறுநாள் காலை துரையை ஏற்றிக்கொண்டு திக்காம் பத்து என்ற ஊர் வரை போய்வந்தேன். தொடையில் குத்தல் இல்லை, இடுப்பில் வலி இல்லை. சாலை முழுவதும் என்னமோ சரியில்லை என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது. இருபக்கமும் மரம் அடர்ந்த இடங்களில் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். துரை இருக்கிற சுவடே இல்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு போட்டுக்கொண்டே என் மனைவி சிரித்தாள். நான் குட்டையானவன். பழைய சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்குள் புதைந்துபோவேன். ஆளே இல்லாமல் கார் ஓடுது என்று எங்கள் கூலிவீட்டு லயத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

"இன்னிக்கு வேலிகிட்ட நின்னு பாத்தேன். பேக்டரி வளைவுலேயே ஒங்க தலை தெரிஞ்சிடுச்சு. கார்ல வேற யாருமே தெரியல, நீங்க மட்டுந்தான். தொர மாதிரியே இருந்தீங்க" என்றாள்.

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. லயத்து வேலியில் நிற்கிற இவளுக்கே தெரிகிறது என்றால், மரத்துக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்கிறவனுக்குத் தெரியாதா? காரில் இருப்பது ஒரே ஆள், அதுவும் தானே ஓட்டிப்போகிற துரை என்றல்லவா நினைப்பான்! பின்சீட்டைத் தாழ்த்தச் சொன்னவர்களுக்கு என் சீட்டை உயர்த்தினால் என்ன ஆகும் என்று தெரியாமலா போயிற்று? அது தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போய், அந்த மெத்தையைக் கிழித்தேன். நாரை வாரி வெளியே எறிந்தேன். ஸ்பிரிங்குகளைக் கை கிழியக் கிழியப் பிடுங்கினேன். அடிப்பலகை மட்டும் மிஞ்சியது. அதன்மேல் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். தலை உள்ளே அடங்கிவிட்டது.

சத்தம் கேட்டுக் கிராணி ஓடிவந்தார். தரையில் கிடந்த நாரையும் தோலையும் பார்த்துக் கத்தினார்.

"தொர ஆசையாக் குடுத்தத இப்படிப் பண்ணிட்டியே, நன்றிகெட்ட நாயே!"

"ஆமாங்கய்யா, நாய்தான்" என்றேன். "நாய் உயிரோட இருக்கட்டும்."